கல்பாசியில் கரும்புள்ளி

“யாரையும் அண்டாம வாழ ஒரு வழி சொல்லுங்க, தாயே.”

குன்றுக்கு வந்த நாளிலிருந்து சடையாண்டி இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

லாரி ஓட்டியவர். விபத்தில் ஒரு கால் விளங்காமல் போன பிறகு மகளின் சம்பாத்தியத்தில் காலம் ஓடியது. ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார்.

குன்றின்மேல் இருந்த துறவி நாச்சியார் அம்மைக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். வந்தவர்களை இரு என்றும் சொல்லமாட்டார், போ என்றும் சொல்லமாட்டார்.

சடையாண்டிக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு பாறையில் நடந்துகொண்டே இருந்தார். சோறு போட்டால் பாதியில் எழுந்துவிடுவார்.

அன்று, மகள் பூரணி தேடி வந்து அடிவாரத்தில் நிற்பதாகச் சேதி வந்தது.

“நான் இல்லைன்னு சொல்லிடுங்க.” என்றார். “அவளுக்கு வந்த சம்பந்தமெல்லாம் என்னாலதான் தட்டிப்போச்சு. அவளை ஒட்டிக்கிட்டு உறிஞ்சினது போதும்.”

சடையாண்டி தடியால் பாறையைக் காட்டினார்.

“இந்தக் கல்பாசியப் பாருங்க. மண்ணு வேணாம், வேரு வேணாம். வெறும் பாறையில தன்னந்தனியா வாழுது. நானும் அப்படி இருக்கணும்.”

அம்மை உள்ளே போய், முள் எடுக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டினார்.

சடையாண்டி குனிந்து பார்த்தார். சாம்பல் நிறப் பாசியின் மேல், கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள்.

“அழுக்கா?”

“பூஞ்சை. பாசியத் தின்னு பிழைக்குது. வேற எங்கயும் அதுக்கு உயிர் தங்காது.”

சடையாண்டி ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டினார். புள்ளியோடு பாசியும் துண்டாகப் பெயர்ந்து வந்தது. பதறிக் கையை எடுத்தார்.

மறுபடி கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

“புள்ளி இருக்கிற இடமெல்லாம் வெளுத்துக் கிடக்கு.”

“ஆமா.”

“ஓரத்துல புதுசா வளர்ந்தும் இருக்கு.”

“ஆமா.”

“அப்போ பாசிக்கு இது பாரமா, இல்லையா? ஒண்ணைச் சொல்லுங்க!”

“என்னை எதுக்குக் கேக்குறீங்க? பாசியக் கேளுங்க.”

 சடையாண்டி கண்ணாடியைப் பாறையிலேயே வைத்துவிட்டு, தடியை ஊன்றி அவசரமாக இறங்கத் தொடங்கினார். வழியில் சறுக்கி விழுந்தார். முழங்கை சிராய்த்தது. எழுந்து மறுபடி இறங்கினார்.

பூரணி ஆட்டோவில் சாய்ந்து நின்றிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள்.

மூச்சு வாங்க அவள் எதிரில் போய் நின்றார்.

“நான் உனக்குப் பாரமா, பூரணி?”

அவள் சிராய்த்த முழங்கையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“பாரந்தாம்ப்பா,” என்றாள். “ஏறுங்க, வீட்டுக்குப் போகலாம்.”