துவைக்காத பொன்னாடை

"அம்மா, பேசணும்னுதான் போனேன்" என்றார் கூத்தபிரான்.

"பேசினீங்களா?" என்று கேட்டார் நீலா அம்மையார்.

"பொன்னாடை போட்டுட்டாங்க."

கூத்தபிரான் பள்ளத் தெரு மக்கள் சங்கத்தின் தலைவர். அம்மையாரின் சீடர். வயதில் குருவைவிடப் பெரியவர். கோபத்தில் குருவைவிடச் சிறியவர்.

அந்தத் தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல், அதன் மேலேயே புதுச் சாலை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு காலத்தில் படியேறிப் போன அம்மையாரின் மடத்துக்குள் இப்போது படியிறங்கித்தான் போக வேண்டும். வீடுகளும் அப்படியே. மழை பெய்தால் சாக்கடை முதலில் வீட்டுக்குள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போகும்.

வடிகாலுக்கு ஒதுக்கிய பணத்தில் மாநகராட்சி இப்போது பூங்காவில் இசை நீரூற்று கட்டப் போகிறது. பாட்டுப் போட்டால் தண்ணீர் ஆடுமாம். பள்ளத் தெருவில் பாட்டே இல்லாமல் ஆடுகிறது, அதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

அதற்குத்தான் கருத்துக் கேட்புக் கூட்டம்.

"என்னதான் நடந்துச்சு?"

"எழுந்து நின்னேன். 'ஐயா நம்ம நகரத்துக்கே மூத்தவர்'னு சொல்லி மேயரே மேடையை விட்டு இறங்கி வந்து போர்த்தினாரு. எல்லாரும் கை தட்டினாங்க. போட்டோ வேற. அதுக்கப்புறம் எப்படிம்மா திட்டுறது?"

"போன கூட்டத்துல?"

"அப்பவும் பொன்னாடைதான்."

"அதுக்கு முன்னாடி?"

கூத்தபிரான் தலைகுனிந்தார்.

"நாளைக்குக் கடைசிக் கூட்டம்மா. அதுல தீர்மானம் நிறைவேறிட்டா வடிகாலை மறந்துட வேண்டியதுதான். பிரசவத்துக்கு வந்த பொண்ணு இன்னும் கைக்குழந்தையோட நம்ம வீட்லதான் இருக்கா. போன மழையில பேரன் தூளிக்கு அடியில சாக்கடை. தூளியை ஏத்திக் கட்டினேன். மறுபடி வந்துச்சு, இன்னும் ஏத்தினேன். இனிமே ஏத்த இடமில்லை."

அம்மையார் வெளியே பார்த்தார். வானம் கறுத்திருந்தது.

"வீட்ல இருக்கிற பொன்னாடை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

எரிக்கப் போகிறாரோ, அம்மனுக்குச் சாத்தப் போகிறாரோ என்று யோசித்துக்கொண்டே போனார் கூத்தபிரான்.

திரும்பி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மடத்துச் சமையற்கட்டு வரைக்கும் கறுப்புத் தண்ணீர். அம்மையார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் நின்றிருந்தார்.

"துடைங்க."

"பொன்னாடையாலயா?"

"பின்னே, என் தலைமுடியாலயா?"

கூத்தபிரான் குனிந்து துடைத்தார். ஜரிகை பளபளத்தது. தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கத்தில் துடைத்தார். இந்தப் பக்கம் வந்தது. துணியில் ஒட்டியதெல்லாம் சேறும் நாற்றமும்தான்.

இன்னொரு பொன்னாடையை எடுத்தார். அதுவும் அப்படித்தான்.

"சொட்டுத் தண்ணியக்கூட உறிஞ்ச மாட்டேங்குதேம்மா."

"உங்க பேச்சை மட்டும் எப்படி உறிஞ்சுச்சு?"

கூத்தபிரானுக்கு முகம் சிவந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ அந்தக் கோபம்!

எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னப்பா இது கர்மம்! குடுங்க, அலசிப் போடுறேன்."

கூத்தபிரான் தூளியை அண்ணாந்து பார்த்தார். உள்ளே பேரன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்மா. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் மாநகராட்சி மன்றத்தில் நல்ல கூட்டம். மேடையில் நீரூற்றின் படம், ஆள் உயரத்துக்கு. நீலா அம்மையார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"யாராவது கருத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டார்கள்.

கூத்தபிரான் எழுந்தார்.

மேயருக்கு இது பழகிய வேலை. புதுப் பொன்னாடையை உதறி விரித்து, சிரித்த முகத்தோடு இறங்கி வந்தார்.

"நம்ம நகரத்துக்கே மூத்தவர்..."

பாதி வழியிலேயே நின்றுவிட்டார். கை தானாக மூக்குக்குப் போனது.

கூத்தபிரானின் இரண்டு தோளிலும் பொன்னாடைகள். ஒன்றின் மேல் ஒன்றாக, சேறு காய்ந்தும் காயாமலும். பக்கத்து நாற்காலிகளில் ஒருவரும் இல்லை. போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார்.

"என்ன ஐயா இது?"

"நீங்க போட்டதுதான். எங்க தெருவைத் துடைச்சது."

"அதை முதல்ல கழட்டுங்க ஐயா. புதுசு போடுறேன்."

"தோள்ல இடமில்லை" என்றார் கூத்தபிரான். "மைக்கைக் குடுங்க."