மூன்றாம் முறை கேட்டபோது

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், கேட்டிருப்பீர்கள். அந்த உப்புக்காக மலையூர்க்காரர்கள் கடற்கரை மாட்டுவண்டிகளை எதிர்பார்த்துக் கிடந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் சேந்தன் என்றொரு உப்பு வணிகன் இருந்தான். வண்டிக் கூட்டத்துக்கு அவனே தலைவன். நல்லவன்தான் ஐயா, பொய் சொல்வானேன்? கூட வருகிறவர்கள் உண்ட பிறகுதான் தான் உண்பான். ஆனால் புகழ் வந்தால் முன்னால் நிற்பான், பழி வந்தால் மெல்லப் பின்னால் நகர்ந்துகொள்வான்.

அந்தக் கூட்டத்தில் துறை பார்ப்பவன் உலகன். ஆற்றில் வண்டி எப்போது இறங்கலாம் என்று சொல்வது அவன் வேலை. அதற்கு ஒரு முறை உண்டு. நீரோரத்தில் ஒரு குச்சியை நட வேண்டும். கரையில் சோறு பொங்கி, எல்லோரும் உண்டு, கை கழுவிய பிறகு குச்சியைப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஏறாதிருந்தால் இறங்கலாம். ஏறியிருந்தால் மலையில் எங்கோ மழை, பின்னால் வெள்ளம் வருகிறது என்று பொருள். நெல் நனைந்தால் காயவைக்கலாம். உப்பு நனைந்தால் எதைக் காயவைப்பது?

ஒரு முறை மலையூரில் திருவிழா. முதலில் வரும் உப்பு வண்டிக்கு ஊரே கூடி மாலை போடும். பின்னால் வேறொரு கூட்டம் வருவதாகக் கேள்விப்பட்ட சேந்தனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆற்றங்கரையில் உலகன் குச்சியை நட்டுவிட்டு அடுப்புக்குக் கல் தேடினான்.

"சோத்தை அக்கரையில பொங்கிக்கலாம் உலகா. வண்டிய எறக்கச் சொல்லு."

"அண்ணே, கொஞ்சம் பொறுத்துப் பாத்தா..."

"தண்ணி முழங்காலுக்குத்தான் ஓடுது. இதுக்குப் போயி அடுப்பு மூட்டுறியே!"

உலகன் ஆற்றைப் பார்த்தான். தலைவனைப் பார்த்தான். பிறகு வண்டிக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தான். வண்டிகள் நடு ஆற்றில் இருந்தபோது செந்நிற வெள்ளம் உருண்டு வந்தது. ஆளையும் மாட்டையும் எப்படியோ கரை சேர்த்தார்கள். உப்பு முழுவதும் ஆற்றோடு போயிற்று. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

மலையூருக்கு ஒரு வழக்கம். வரவேண்டிய உப்பு வராமல் போனால், ஊர்த்தலைவி வாயிலில் நின்று வண்டித் தலைவனை மும்முறை கேட்பாள். பழி யார்மேல் விழுகிறதோ அவன் தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த வழியில் அவன் மறுபடி வரக்கூடாது. அன்றைய ஊர்த்தலைவியின் பெயர் கொற்றி.

"உப்புக்காரரே, பழி யாரோடது?" என்றாள் கொற்றி.

"ஆத்தோடது தாயே" என்றான் சேந்தன்.

"பழி யாரோடது?"

"மழையோடது."

"பழி யாரோடது?"

சேந்தனுக்கு நான்தான் அவசரப்படுத்தினேன் என்ற சொல் தொண்டை வரை வந்தது. சுற்றிலும் ஊர் நின்றது. மாலையோடு வந்தவர்கள் மாலையோடே நின்றார்கள். "துறை பாத்தவன் உலகன்" என்றான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. உலகன் தலைவன் முகத்தை ஒரு கணம் பார்த்தான், இன்னும் ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருப்பவனைப் போல. பிறகு தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டு நடந்தான்.

அதற்குப் பிறகு கூட்டத்தில் பேச்சே குறைந்தது. புதிதாக வந்த துறைகாரன் குச்சி நட்டான், சோறு பொங்கினான், குச்சியையும் பார்த்தான். ஆனால் இறங்கலாமா என்று கேட்டால், "நீங்களே சொல்லுங்கண்ணே" என்றான். மாடு நொண்டினால் யாரும் சொல்வதில்லை, மூட்டை கிழிந்தால் யாரும் சொல்வதில்லை, வழி தவறினாலும் யாரும் சொல்வதில்லை. கூட்டம் அடங்கி ஒடுங்கி நடக்கிறது என்று சேந்தன் மகிழ்ந்தான். பாவம்!

ஒருநாள் மலைச்சரிவில் ஒரு வண்டியின் அச்சு முறிந்தது. வண்டி உருண்டு, உப்பெல்லாம் சரிவில் கொட்டி, ஓட்டி வந்த மாடலனின் காலும் நசுங்கிப் போயிற்று. சேந்தன் ஓடிப்போய் அவனை மடியில் தூக்கிக்கொண்டான். முறிந்த அச்சில் பழைய விரிசல் ஒன்று, மேலே களிமண் பூசி மறைத்திருந்தது.

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லல?"

"சொன்னா என் தலையிலதானே விடியும் அண்ணே? உலகன் கதிதான் எனக்கும்னு பயந்துட்டேன்."

சேந்தன் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அன்று மலையூர் வாயிலில் கொற்றி ஒரு முறைதான் கேட்டாள். "என்னோடது தாயே" என்றான். "இதுவும் என்னோடது, அன்னிக்கி ஆத்துல போனதும் என்னோடது. பொங்க வேண்டாம்னு தடுத்தவன் நான்." தன் கையாலேயே தலைப்பாகையை அவிழ்த்து வைத்தான். உலகன்மேல் இனிப் பழியில்லை என்று ஊர் கூடிச் சொன்னது.

அந்தச் செய்தியைத் தானே சொல்ல வேண்டுமென்று சேந்தன் கடற்கரைக்கு நடந்தான். உலகன் உப்பளத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். கோபப்படவில்லை, அதுதான் சேந்தனுக்குத் தாங்கவில்லை.

"நானும் அடுப்பு மூட்டாம விட்டவன்தாண்ணே. பாதிப் பழி என்னோடதுதான். மீதிய நீங்க எடுத்துக்குவீங்கன்னுதான் அன்னிக்கி நின்னு பாத்தேன்."

"இப்ப எடுத்துக்கிட்டேன் உலகா. ஊரே உன்னைக் கூப்பிடுது. போ, உங்க வீட்டுல சொல்லிட்டுக் கெளம்பு."

"யாருகிட்டச் சொல்ல?" என்றான் உலகன். "எங்கப்பாவும் துறை பாத்தவரு. குச்சி நட்டுட்டுப் பொறுக்காத பய எம்புள்ளையே இல்லைன்னுட்டாரு. போன மாசம் கண்ணை மூடுற வரைக்கும் எங்கூடப் பேசல."

உலகன் அடுத்த மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். சேந்தன் வெறுந்தலையோடு அந்த வெயிலில் நின்றான்.

ஆகவே பெரியோர்களே, பிள்ளைகளே, தன்னை நம்பி வந்தவர்களின் தவறுக்குத் தலைவனே முதலில் தலைகுனிய வேண்டும், அதையும் கேட்ட அன்றே செய்ய வேண்டும்.