வண்டியை மெதுவாக்கக் கிளம்பின கேள்வி

ஒரு ஊர்ல கேள்விங்க எல்லாம் மனுஷங்க வாயிலதான் பொறக்கும். பொறந்த உடனே கால் முளைச்சு பதில் தேடி ஓட ஆரம்பிச்சிடும். பதில் கெடைச்ச கேள்வி நிம்மதியா படுத்துத் தூங்கிடும். கெடைக்காத கேள்வி கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சு, கடைசியில பெருமூச்சா மாறிடும். பஸ் ஸ்டாண்டுலயும் ரேஷன் கடை வாசல்லயும் "ஹ்ம்ம்ம்"னு ஒரு சத்தம் கேக்குமே, அதெல்லாம் ஒரு காலத்துல நல்லா துடிதுடின்னு ஓடுன கேள்விங்கதான்!

நம்ம கேள்வி பொறந்தது ஒரு திங்கக்கிழமை காலையில, நகராட்சிப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்தாப்புல. ஜெயக்கொடி தன் பொண்ணு இனியாவைக் கையில புடிச்சுக்கிட்டு ரோட்டைக் கடக்க நின்னா. அப்ப எம்-சாண்ட் மணல் ஏத்தின டிப்பர் லாரி ஒண்ணு வந்துச்சு பாருங்க, வந்த வேகத்துல பொண்ணு முதுகுல இருந்த பையை உரசிக்கிட்டே போயிடுச்சு. தண்ணி பாட்டில் தெறிச்சு சாக்கடையில விழுந்துச்சு. பொண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்ல. ஜெயக்கொடி அவளைப் பின்னால இழுத்து அணைச்சுக்கிட்டா.

"இந்த ரோட்டுல வண்டியை மெதுவாப் போக வைக்க யாருகிட்டதான் போய்க் கேக்கறது?"ன்னு கத்தினா.

அவ்வளவுதான், கேள்வி குதிச்சு வெளிய வந்துடுச்சு! உள்ளங்கை அளவுதான் இருக்கும். கண்ணு மட்டும் பளபளன்னு.

"நான் போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"ன்னுச்சு.

"போ தாயி, போ. எனக்கு பனியன் கம்பெனியில லேட்டாச்சு. ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்க. நாளைக்குக் காலையிலயும் இவ இதே ரோட்டைத்தான் கடக்கணும்."

கேள்வி மொதல்ல ஓடுனது போலீஸ் ஸ்டேஷனுக்கு. வாசல்லயே வரவேற்பு மேசை. அதுக்கு முன்னாடி கேள்விங்க கூட்டமா கூட்டம், நகராட்சித் தேர்தல் நேரம் வேற!

"லைசென்ஸ் தொலைஞ்சு போச்சு, எங்க சொல்லணும்?"னு ஒரு கேள்வி.

"ஆன்லைன்லயே பதியலாம். வீட்டுக்குப் போ."

"குடும்பத்தோட வெளியூர் போறோம், பூட்டின வீட்டைப் பாத்துக்குவீங்களா?"

"அட்ரஸை எழுதிக் குடுத்துட்டுப் போ. ரோந்து போறவங்க பாப்பாங்க."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட லைசென்ஸ் வாங்கின துப்பாக்கி இருக்கு. எலெக்ஷனுக்கு அதை என்ன பண்றது?"

"கொண்டாந்து ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கிக்கச் சொல்லு. எலெக்ஷன் முடிஞ்சதும் திருப்பித் தருவோம். அடுத்து யாரு?"

மேசை அப்படி ஒண்ணும் கெட்டது இல்ல. எல்லாத்துக்கும் பதில் வெச்சிருந்துச்சு. நம்ம கேள்விக்கு ஒரே ஆசை. ஓடிப்போய் முன்னாடி நின்னுச்சு.

"பள்ளிக்கூடத்து ரோட்டுல வண்டியை மெதுவாப் போக வைக்கணும்!"

"வேகத்தடை கேக்கறியா? அது நகராட்சி போடறது. எங்க வேலை இல்லம்மா, அடுத்து!"

கேள்விக்கு சர்ருனு உடம்பு சுருங்குன மாதிரி இருந்துச்சு. குனிஞ்சு பாத்தா நெஜமாவே சுருங்கித்தான் இருந்துச்சு. உள்ளங்கை அளவு, இப்ப கட்டைவிரல் அளவு.

வெளிய வந்தா ஸ்டேஷன் வேப்பமரத்தடியில ரோட்டை மறிக்க வெக்கற ஒரு பழைய பேரிகார்டு சாஞ்சுக்கிட்டு நின்னுச்சு. மஞ்சப் பெயிண்ட் பாதி உரிஞ்சு, ஒரு சக்கரம் கோணையா.

"என்ன பாப்பா, மூஞ்சி இப்படித் தொங்குது?"ன்னு கேட்டுச்சு பேரிகார்டு.

கேள்வி நடந்ததைச் சொல்லுச்சு.

"வண்டியை மெதுவாக்கணுமா?" பேரிகார்டு தலையை ஆட்டுச்சு. "நானும் நிறுத்தத்தான் நிறுத்துறேன். பெரிய மனுஷங்க கார் வர்றப்ப சின்ன மனுஷங்களை நிறுத்துவேன். அதுக்கு வாங்குற திட்டு இருக்கே, அப்பப்பா! என்னைப் பாத்து ஒருத்தரும் இதுவரைக்கும் சிரிச்சதே இல்ல. நீ நகராட்சிக்குப் போய்ப் பாரு."

நகராட்சி ஆபீஸ்ல இன்னும் கூட்டம். "என் பேரு லிஸ்ட்ல இருக்கா?" "பூத் ஸ்லிப் வரல, ஓட்டுப் போட விடுவாங்களா?" "வாக்காளர் அட்டை இல்லைன்னா வேற எதைக் காட்டலாம்?" அங்க பதில் சொல்லிக்கிட்டு இருந்தது ஒரு குண்டு ஃபைல். நாடா போட்டு இறுக்கிக் கட்டியிருந்ததால மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசுச்சு.

"பேரு லிஸ்ட்ல இருந்தாப் போதும். ஸ்லிப் இல்லாட்டியும், வேற அடையாள அட்டை ஏதாவது காட்டி... ஓட்டுப் போடலாம்..." நம்ம கேள்வி பக்கம் திரும்புச்சு. "நீ யாரு?"

"பள்ளிக்கூடத்து ரோட்டுல வேகத்தடை..."

"எலெக்ஷன் அறிவிச்சாச்சு. முடியற வரைக்கும் புது வேலை எதையும் தொடக்கூடாது. அதுவுமில்லாம அது ஹைவேஸ் ரோடு... எங்க வேலை இல்ல."

கேள்வி சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்துடுச்சு. அப்பவும் விடல! ஹைவேஸ் ஆபீசுக்கு ஓடுச்சு. அங்க கதவுல பூட்டுதான் தொங்குச்சு.

"எல்லாரும் எலெக்ஷன் டியூட்டிக்குப் போயாச்சு"ன்னு பூட்டு கொட்டாவி விட்டுச்சு.

திரும்பி வர்ற வழியில ஒரு பிரச்சார ஆட்டோ. மேல ஒரு ஒலிபெருக்கிக் குழாய். "உங்கள் குறைகள் எதுவானாலும் எங்களிடம் சொல்லுங்கள்!"னு தெருவே அதிர முழங்குச்சு. கேள்விக்கு உயிர் வந்துச்சு. துரத்திக்கிட்டே ஓடி, "அண்ணே! அண்ணே! ஒரு குறை!"ன்னு கத்துச்சு.

குழாய் கீழ குனிஞ்சு பாத்துச்சு. "சத்தமாப் பேசாத பாப்பா, எப்படியும் எனக்குக் கேக்காது. எனக்கு வாய் மட்டும்தான் வெச்சாங்க, காது வெக்கவே இல்ல!"

அன்னிக்கு சாயங்காலம் கேள்வி தட்டுத்தடுமாறி ஜெயக்கொடிகிட்ட வந்து சேந்துச்சு. அவளுக்கு அது கண்ணுக்கே தெரியல. "இந்த ஊர்ல எதைக் கேட்டு என்ன ஆகப்போகுது"ன்னு சொல்லிக்கிட்டே அரிசி களைஞ்சா. கேள்வி அவ தொண்டையில ஏறி ஒடுங்கிப் படுத்துக்கிச்சு. இன்னும் ஒரு தரம் அவ மூச்சை இழுத்து விட்டா போதும், பெருமூச்சோட பெருமூச்சா முடிஞ்சு போயிடும்.

தேர்தல் நாள் வந்துச்சு.

அந்தப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. விடியும்போதே போலீஸ் வண்டி வந்து நின்னுச்சு. ஏட்டம்மா செல்வமேரி இறங்கி, சுண்ணாம்புப் பொடியால நூறு மீட்டர் கோடு போட்டாங்க. வேப்பமரத்தடிப் பேரிகார்டையும் அதோட தம்பி ஒருத்தனையும் இறக்கி, ரோட்டுல ஒண்ணை இந்தப் பக்கம், ஒண்ணை அந்தப் பக்கம் மாத்தி மாத்தி நிறுத்துனாங்க.

டிப்பர் லாரி வந்துச்சு. "ஏய், யாரு இவன் குறுக்கால? வழி விடு!"ன்னு உறுமுச்சு.

"வளைஞ்சு போ தம்பி"ன்னுச்சு பேரிகார்டு. "வளைஞ்சா மெதுவாத்தான் போக முடியும். எனக்கே ஒரு சக்கரம் கோணை, நானே நிதானமாத்தானே வந்தேன்."

லாரி பல்லைக் கடிச்சுக்கிட்டு மெதுவா ஊர்ந்து போச்சு. பின்னால வந்த பஸ்ஸும் ஊர்ந்துச்சு, புல்லட்டும் ஊர்ந்துச்சு!

ஜெயக்கொடி இனியாவைக் கூட்டிக்கிட்டு ஓட்டுப் போட வந்தா. ரோட்டுல பாதி தூரம் வந்ததும்தான் அவளுக்கே உறைச்சுது. பொண்ணு கையை அவ புடிக்கவே இல்ல. அது முன்னாடி குதிச்சுக் குதிச்சுப் போயிக்கிட்டு இருந்துச்சு.

ரோட்டு நடுவுலயே நின்னுட்டா. தொண்டையில ஏதோ அசைஞ்சுது. உள்ள படுத்திருந்த கேள்வி ஒரு கண்ணைத் திறந்து எட்டிப் பாத்துச்சு.

வரிசையில போய் நின்னு ஜெயக்கொடி வாயைத் திறந்தா. "ஓட்டுப் போட வர்ற நமக்கு இந்த ரோட்டுல வண்டி மெதுவாப் போகுது. படிக்க வர்ற பிள்ளைங்களுக்கு ஏன் போக மாட்டேங்குது?"

அடேங்கப்பா! கேள்வி வெளிய குதிச்சப்ப அதுக்கே அதை அடையாளம் தெரியல. முழங்கால் உசரம் வளந்திருந்துச்சு.

முன்னாடி நின்ன ஆட்டோ டிரைவர் ரஹமத்துல்லா திரும்பினார். "பத்து வருஷமா இதே ரோட்டுல ஓட்டறேங்க்கா. அல்லா மேல சத்தியமா, இன்னிக்கு வளைஞ்சு போறப்பதான் இங்க ஒரு பள்ளிக்கூடம் இருக்கறதே கண்ணுல பட்டுது."

"அப்ப இத்தனை நாளா எதைப் பாத்து ஓட்டினே?"ன்னு பின்னாலருந்து ஒரு குரல். வரிசையே சிரிச்சுது.

ஏட்டம்மா வேகமா வந்தாங்க. "யம்மா, இங்க யாரும் பிரச்சாரம் பண்ணக்கூடாது!"

"கட்சியைப் பத்திப் பேசலைங்க ஏட்டம்மா, ரோட்டைப் பத்தித்தான்"னா ஜெயக்கொடி.

ஏட்டம்மா திரும்பிப் பேரிகார்டைப் பாத்தாங்க, ரோட்டைப் பாத்தாங்க. போயிட்டாங்க.

கேள்வி வாய்க்கு வாய் தாவுச்சு. ஓட்டுப் போட்டு விரல்ல மையோட வெளிய வந்தவங்க எல்லாரும் அதைக் கூடவே கூட்டிக்கிட்டுப் போனாங்க. சாயங்காலத்துக்குள்ள ஆள் உசரம் வந்துடுச்சு!

ஆனா சாயங்காலம்தான் வண்டியும் வந்துச்சு. ஓட்டு மெஷினை ஏத்துனாங்க. அடுத்து பேரிகார்டையும் தூக்கிப் போட்டாங்க.

"பாப்பா"ன்னு கூப்பிட்டுச்சு பேரிகார்டு, வண்டியிலருந்து. "இன்னிக்கு ஒரு சின்னப் பொண்ணு என்னைத் தட்டிக் குடுத்துட்டுப் போச்சு. அந்த லாரி நாளைக்கு மறுபடியும் பறப்பான். சீக்கிரம் ஏதாவது பண்ணு!"

மறுநாள் காலையில ஸ்டேஷன் வாசல்ல நாப்பது பேர். முன்னாடி ஜெயக்கொடி, கையில நாப்பது கையெழுத்துப் போட்ட மனு. அவ பக்கத்துல கேள்வி.

மேசை நிமிந்து பாத்துட்டு சலிச்சுக்கிச்சு. "மறுபடியும் வேகத்தடையா? நான்தான் அன்னிக்கே..."

"வேகத்தடை கேக்கல"ன்னுச்சு கேள்வி. "முந்தாநாள் வரைக்கும் சும்மா சாஞ்சுக்கிட்டு இருந்துச்சே, நேத்து ரோட்டுல நின்னுச்சே, அந்தப் பேரிகார்டு இன்னிக்கும் அங்க நிக்கலாமா?"

"எதுக்கு நிக்கணும்? எலெக்ஷன்தான் முடிஞ்சு போச்சே."

"பள்ளிக்கூடம் முடியலையே!"

சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் அம்மா உள்ளருந்து வந்தாங்க. மனுவை நின்னுக்கிட்டே படிச்சாங்க.

"பேரிகார்டு வைக்கறதுக்கு டெண்டரா விடணும்? நம்மகிட்ட இருக்கறதுதானே. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். செல்வமேரி, நிக்க ஆள் இருக்கா?"

"நானே நிக்கறேன் மேடம்"னாங்க ஏட்டம்மா. கேக்கறதுக்கு முன்னாடியே தொப்பியை எடுத்து மாட்டியிருந்தாங்க.

மேசை மனுவுக்கு ரசீது போட்டுக் குடுத்துட்டு, மெதுவா கேள்விகிட்ட குனிஞ்சுது. "ஏம்மா, இதையே அன்னிக்குக் கேட்டிருக்கலாமில்ல?"

"அன்னிக்கு எனக்கே தெரியாதே"ன்னுச்சு கேள்வி.

அதே நாள் காலையில ஒன்பது மணிக்குப் பேரிகார்டு ரோட்டுல நின்னுச்சு. லாரி வளைஞ்சு வளைஞ்சு போச்சு. பிள்ளைங்க கூச்சல் போட்டுக்கிட்டே கடந்துச்சுங்க. கேள்வி பக்கத்துலயே காலை நீட்டிப் படுத்துப் பாத்துச்சு. தூக்கம் மட்டும் வரல.

"என்ன, இன்னுமா முழிச்சிருக்கே?"ன்னுச்சு பேரிகார்டு.

"நீ எத்தனை நாளைக்கு நிப்பே?"

"நியாயந்தான். யாராவது மந்திரி வந்தா என்னைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. இங்க வேகத்தடைன்னு ஒருத்தன் தார் போட்டு அசையாம படுக்கணும், அப்பதான் உனக்குத் தூக்கம்."

அடுத்த வாரம் ஓட்டு எண்ணி முடிச்சாங்க. ஜெயிச்ச கவுன்சிலரம்மா நன்றி சொல்றதுக்காக மாலையும் கழுத்துமா திறந்த ஜீப்புல அந்தப் பக்கம் வந்தாங்க. டிரைவர் நல்ல வேகத்துல வந்து, பேரிகார்டைப் பாத்ததும் பிரேக்கைப் போட்டு, வளைக்க ஆரம்பிச்சான்.

பேரிகார்டு கேள்வியை இடிச்சுது.

"ஏறிக்க பாப்பா. வண்டி மெதுவாத்தான் போகுது."