இறந்தோர் சீட்டில் ஒரு பெயர்

முதல் உலகப் போரின் மூன்றாவது குளிர்காலம். ரஷ்யாவில் வோல்கா நதிக்கரை ஊர் ஒன்றில் சிறிய மடம் இருந்தது. அதன் குரு பைசி. சீடர் தீகனுக்கு அவரைவிடப் பத்து வயது கூடுதல். இருபது வருடம் பட்டாளத்தில் சார்ஜண்டாக இருந்துவிட்டுத் துறவுக்கு வந்தவர். அங்கியை மாட்டிக்கொண்டாரே தவிர, ஜார் மன்னருக்குச் செய்த சத்தியத்தை விடவில்லை.

பூசைக்கு வருகிறவர்கள் இரண்டு சீட்டு எழுதித் தருவார்கள். ஒன்றில் உயிரோடு இருப்பவர்களின் பெயர், மற்றதில் இறந்தவர்களின் பெயர். உயிரோடிருப்போர் சீட்டில் மன்னர் பெயரை முதலில் எழுதிவிட்டுத்தான் பெற்ற பிள்ளையின் பெயரையே எழுதுவது அவ்வூர் வழக்கம். அந்தச் சீட்டுகளைக் குரு வாசிப்பார். இறந்தோர் சீட்டுகள் தீகன் பொறுப்பு. போர் வந்தபிறகு பெயர்களை வாசித்து வாசித்துத் தீகனுக்குத்தான் தொண்டை கட்டியது.

அன்று ஒரு சீட்டைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் கொதித்தது. இறந்தோர் வரிசையில் மூன்றாவதாக மன்னர் பெயர். எழுதியவள் அகாஃபியா, துணி துவைத்துப் பிழைக்கும் விதவை.

நேரே குருவிடம் போனார்.

"சாமி, இது ராஜதுரோகம். போலீஸ்ல சொல்லப் போறேன்."

"கை தவறி எழுதியிருப்பா. முதல்ல கேட்டுப் பார்ப்போம்," என்றார் குரு.

அகாஃபியா வந்தாள். விடிந்ததிலிருந்து ரொட்டிக் கடை வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். கால் விறைத்து நொண்டினாள்.

"சீட்டு மாறிப் போச்சாம்மா?"

"மாறலை சாமி. தெரிஞ்சுதான் எழுதினேன்."

தீகன் பல்லைக் கடித்தார்.

"பெரியவன் குண்டடி பட்டுச் செத்தப்போ, பாவம், மன்னருக்கு ஒண்ணும் தெரியாது, மந்திரிங்க மறைக்கிறாங்கன்னு சொன்னேன். ரெண்டாவது பையன் பூட்ஸ் இல்லாம கால் அழுகிச் செத்தான். அப்பவும் அதையேதான் சொன்னேன். கடைசிப் பையனையாவது விட்டுடுங்கன்னு மன்னருக்கே மனு போட்டேன். மூணு தடவை போட்டேன். அவனையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

முந்தானைபோல் தலைத்துணியை இழுத்து மூக்கைத் துடைத்தாள்.

"உயிரோட இருக்கிற மனுஷன்னா காதுல விழுந்திருக்குமே சாமி. அதான் என் பிள்ளைங்களோட சேர்த்து எழுதினேன். அவர் ஆத்துமாவும் சாந்தியடையட்டும்."

அவள் கிண்டல் செய்யவில்லை. தீகனுக்கு அதுதான் தாங்கவில்லை.

அவள் போனதும் வெடித்தார்.

"தன் வாயாலேயே ஒத்துக்கிட்டா. சைபீரியாவுக்கு அனுப்புவாங்க, அனுப்பட்டும். சத்தியம்னா சத்தியம்."

குரு உயிரோடிருப்போர் சீட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து அவர்முன் கவிழ்த்தார்.

"இந்த வாரத்துச் சீட்டு. மன்னர் பேர் எதுல இருக்குன்னு பாருங்க."

தீகன் ஒவ்வொன்றாகப் பிரித்தார். போர்முனையில் இருக்கும் பிள்ளைகள், காய்ச்சலில் கிடக்கும் குழந்தைகள். ஒருத்தி, பட்டாளத்துக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போன தன் பசுவின் பெயரைக்கூட எழுதியிருந்தாள். கடைசிச் சீட்டுவரை பார்த்தார். மன்னர் பெயர் இல்லை.

"வாராவாரம் நீங்க வாசிச்சீங்களே சாமி! என் காதால கேட்டேனே!"

"அது நானே சேர்த்துக்கிட்டது. ஒரு வருஷமா யாரும் எழுதறதில்லை."

தீகன் அகாஃபியாவின் சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"இந்த ஊர்ல மன்னருக்காக இன்னும் ஜெபம் கேக்கிறது அவ ஒருத்திதான்," என்றார் குரு. "போங்க, போய் அவளைப் பிடிச்சுக் குடுங்க."