தண்ணீர்த் தொட்டி வீரனின் வெறுங்கால்

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், எனக்கு மிஞ்சியிருக்கிற மூன்று பல்லும் இந்த நிமிஷமே கொட்டட்டும். கேளுங்கள்.

துப்பிய எச்சில் தரையைத் தொடுமுன் கட்டியாகி 'டங்'கென்று சத்தம் போடுகிற குளிர் தேசம் ஒன்று. ராஜாவை விரட்டிவிட்டுச் செங்கொடி ஏற்றிய தேசம். அந்த அரசின் வரலாற்றை எழுதியவர் ரதோவான். கூலிக்கு எழுதியவர் இல்லை, மனசார நம்பி எழுதியவர். ரொட்டிக்கு நாள் முழுக்க வரிசையில் நின்றாலும், "வரிசை எவ்வளவு ஒழுங்காகப் போகிறது பார்த்தாயா?" என்று மனைவியிடம் பெருமைப்படுகிற ஆள்.

அவர் புத்தகத்தைப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார்கள். அதில் எல்லோருக்கும் பிடித்த இடம் ஒன்று. புரட்சி நாளன்று, முகத்தைத் துணியால் சுற்றிய ஒருவன், குண்டு மழைக்கு நடுவே, ரயில் நிலையத் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் வெறுங்காலோடு ஏறிக் கொடியைக் கட்டினான். இறங்கினான், கூட்டத்தில் மறைந்தான். அந்த முகமில்லாத வீரனுக்கு வெண்கலச் சிலை. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் தொட்டுத் தொட்டு, சிலையின் கால் கட்டைவிரல் பாதி கரைந்தே போயிற்று.

அந்த வெறுங்கால் மட்டும் ரதோவானின் கைச்சரக்கு. அன்று ஏணியடியில் துண்டறிக்கைக் கட்டோடு பதுங்கிக் கிடந்தவர் அவர் ஒருவர்தான். தலைக்கு மேலே போன கால்களை மட்டும் பார்த்தார். ராஜாவின் அரண்மனைக் காவலர் போடுகிற பூட்ஸ், வெள்ளிக் கொக்கி வைத்தது! எவன் காலிலிருந்து உருவினானோ? புரட்சி வீரன் ராஜா வீட்டுப் பூட்ஸில் ஏறினான் என்று எழுதினால் அரசுக்கு அழகா? பேனாவாலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டார். மனைவியிடம்கூட மூச்சுவிடவில்லை.

வருஷங்கள் போயின. வந்தது வினை. புரட்சி விழாவுக்குள் சிலைக்கு முகம் வைக்க வேண்டும் என்று கட்சிச் செயலாளர் பர்தோஷ் முடிவு செய்தார். "நான்தான் அந்த வீரன்" என்று மூன்று பேருடைய மனுக்கள் வந்து கிடந்தன. சிற்பி களிமண்ணோடு வாசலில் காத்திருந்தான்.

"தோழர் ரதோவான், வரலாறு உங்களுடையது. ஆளையும் நீங்களே காட்டுங்கள்," என்றார் பர்தோஷ். "மற்ற இரண்டு பேரும் உப்புச் சுரங்கத்துக்கு. தப்பான ஆளைக் காட்டினீர்கள் என்று பின்னால் தெரிந்தால், அங்கே இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது."

அந்த நாட்டில் ரதோவானின் புத்தகத்தை மறுத்துப் பேசினால் அரசையே மறுத்த மாதிரி. உண்மையான ஆள் 'பூட்ஸ்' என்று வாயைத் திறந்தால், சொன்னவனும் தொலைந்தான், எழுதியவரும் தொலைந்தார்.

முதலில் வந்தவர் டிராம் ஓட்டுநர் பாஷ்கோ. உட்காரும் முன்பே ஆரம்பித்தார். "வெறுங்கால், தோழரே! குளிரில் ஏணிப்படி ஒவ்வொன்றும் நெருப்பாய்ச் சுட்டது. என் தோல் இரும்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் பனி பெய்தால் கால் பேசும்!"

"என்ன பேசும்?" என்றார் பர்தோஷ்.

"கெட்ட வார்த்தைதான்."

அடுத்து, பாடகர் குழு நடத்துகிற மில்ஷா. காலுறையைக் கழற்றி உள்ளங்காலை மேஜை மேலேயே வைத்தார். குறுக்கும் நெடுக்கும் தழும்பு. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏறும்போது பாடிக்கொண்டே ஏறினேன்," என்றார்.

"எடுங்களய்யா காலை. அது நான் சாப்பிடுகிற இடம்," என்றார் பர்தோஷ்.

கடைசியாக மாட்டு வைத்தியர் கிர்ச்சோ. "நான் எங்கே மனுப் போட்டேன்? எல்லாம் என் மருமகன் வேலை," என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார்.

"ஏறியது நீங்களா, இல்லையா?"

"ஏறினேன்."

"எப்படி?"

"இவர் புத்தகத்தில் எப்படிப் போட்டிருக்கிறதோ, அப்படி."

"காலில்?"

"புத்தகத்தில் போட்டிருக்கிறபடி."

"குளிரவில்லையா?"

"அதைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லையே, தோழரே." சொல்லிவிட்டு, குனிந்து ரதோவானின் பூட்ஸை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மூவரையும் வரிசையாக நிறுத்தினார்கள். "ம், காட்டுங்கள். காரணமும் சொல்லுங்கள்," என்றார் பர்தோஷ். மில்ஷாவுக்கு இப்போது நிஜமாகவே அழுகை வந்தது. ரதோவான் கையைத் தூக்கி ஒருவரைக் காட்டினார்.

கேட்டுக்கொண்டிருக்கிறவர்களே, நீங்கள் சொல்லுங்கள். மூவரில் ஏணி ஏறியவர் யார்? பூட்ஸ் விஷயம் வெளியே வராதபடி ரதோவான் சொன்ன காரணம் என்ன?

விடை: ஏறியவர் கிர்ச்சோ. வெறுங்கால் பொய்யென்று தெரியாதவன்தான் அதற்குத் தழும்பும் பாட்டும் சேர்ப்பான். தெரிந்தவன் அதைத் தொடவே பயப்படுவான். ரதோவான் சொன்ன காரணம் இது: "புத்தகத்துக்கு மேல் ஒரு சொல்கூடச் சேர்க்காதவர் இவர் ஒருவர்தான். நம் அரசின் வீரன் இப்படித்தான் இருப்பான்." பர்தோஷ் பூரித்துப்போனார். "மற்ற இரண்டு பேரும் தங்கள் காலைவிடப் புத்தகத்தை அதிகமாக நம்பியவர்கள்," என்று தொடர்ந்தார் ரதோவான். "நம்புகிறவர்களால் சுரங்கத்தை நிரப்பிவிட்டால், நம்பாதவர்களை எங்கே போடுவீர்கள்?" அந்த இருவரும் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் சிற்பியிடம் முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்த கிர்ச்சோ, ரதோவானை அருகே இழுத்துக் காதில் சொன்னார்: "ஏணியடியிலிருந்து நீங்கள் பார்த்த அந்தக் கொக்கி வெள்ளி இல்லை, தோழரே. விற்கப் போனேன். தகரம்!"

யார் சொன்னது என்று எவனாவது கேட்டால் என் பேரை மட்டும் சொல்லிவிடாதீர்கள். பல் ஒன்று லேசாக ஆடுகிறதே என்கிறீர்களா? அது வயசு.