பூலோகராஜுக்குக் கொடுத்த வாக்கு

புதிரைப் போடுவதற்கு முன் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். இன்பவல்லி இயற்பியல் படித்தவள்; வேலை பார்ப்பது மருத்துவமனையில். இயற்பியலுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அவளுடைய மாமியாரும் அதைத்தான் கேட்பார். ஸ்கேன் கருவி காட்டும் படம் தெளிவாக விழுகிறதா, அளவு சரியா, அது அனுப்பும் அலை வரம்பு மீறுகிறதா என்று சோதிப்பது அவள் பொறுப்பு. அதற்காக, சதையைப் போலவே அலையை வாங்கிக்கொள்ளும் ஒரு ரப்பர் கட்டியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போவாள். அதுதான் அவளுடைய நோயாளி. ஒரு நாளும் முனகாத நோயாளி வேறு யாருக்கு வாய்க்கும்?

வந்த புதிதிலேயே ஒரு காரியம் செய்து கெட்ட பெயர் வாங்கிக்கொண்டாள். மூன்று மாதம் நிறையாத கருவின் இதயத் துடிப்பைச் சத்தமாகக் கேட்கவைக்கும் வசதியைப் பூட்டிவிட்டாள். பெற்றோர் ஆசைப்படுகிறார்களே என்று அதை நிமிடக்கணக்கில் ஓடவிடுவது அங்கே வழக்கமாக இருந்தது.

“படத்துக்கு அலை லேசாத் தடவிட்டுப் போயிடும். சத்தம் வேணும்னா ஒரே இடத்துல நின்னு தட்டும். நின்ன இடம் சூடேறலாம். கெடுதல் வந்தே தீரும்னு நான் சொல்லல. வைத்தியத்துக்குத் தேவைப்படாத சூடு அந்தப் பிஞ்சுக்கு எதுக்கு?” என்பாள். கேட்டவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு காலையில் தமயந்தி ஸ்கேனுக்கு வந்தாள். இரண்டு மாதக் கர்ப்பிணி. கூடவே கணவர் பூலோகராஜ். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பார்வையற்றோர் பள்ளியில் தமிழாசிரியர். பிள்ளைகள் எழுதியதை விரல் நுனியால் தடவித் தடவித் திருத்துவார், ஒற்றுப் பிழையைக்கூட விடமாட்டார். ஸ்கேன் முடிந்ததும் நேரே வகுப்புக்குப் போக வேண்டும் என்பதால் எழுதுபொருள்களோடு பள்ளிப் பை தோளில் தொங்கியது.

அவர்களுக்கு இதற்கு முன் ஒரு கரு தங்கவில்லை. இதயம் நின்றுபோன செய்தியை வீட்டார் அவரிடம் மறைத்து, “நல்லா இருக்கு” என்றே சொல்லிவந்தார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் தகப்பனுக்குத் தெரிந்தது. அந்தக் காயம் அவருக்கு ஆறவே இல்லை. அதனால்தான் டாக்டர் வேதமாணிக்கம் போன வாரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்தத் தடவை யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டாம் சார். பிள்ளையோட துடிப்பை நீங்களே தெரிஞ்சுக்கலாம். அதுக்கு நான் பொறுப்பு” என்று வாக்குக் கொடுத்திருந்தார். நல்ல மனுஷர்தான். பூட்டு விஷயத்தை மறந்துபோனார், அவ்வளவுதான்.

திரையில் சின்னதாக ஒரு பொட்டு படபடத்தது. பார்த்ததும் தமயந்தி அழுதுவிட்டாள்.

“நீ சந்தோஷத்துலதான் அழுறியா?” என்று கேட்டார் பூலோகராஜ்.

“சத்தியமாங்க. நல்லாத் துடிக்குது.”

“போன தடவையும் எல்லாரும் சத்தியம் பண்ணுனீங்களே, தமயந்தி.”

டாக்டர் வெளியே வந்து இன்பவல்லியைக் கூப்பிட்டார்.

“பூட்டைத் திறங்க மேடம். ரெண்டே ரெண்டு விநாடி.”

“ரெண்டு விநாடியில பிடிபடாது டாக்டர். தேடித் தேடியே ஒரு நிமிஷம் போயிடும். உங்களுக்குத் தெரியாததா?”

டாக்டரின் பின்னாலேயே வந்த, ஸ்கேன் எடுக்கும் ஜமீலாவுக்கு இளகிய மனசு. “நேத்து ஒரு எட்டு மாசக்காரங்களுக்கு எடுத்த சத்தம் மெஷின்லயே இருக்கு மேடம். அதைப் போட்டுடலாமா? சாருக்கு எப்படித் தெரியப் போகுது?” என்றாள்.

“அவருக்கு இன்னொரு பொய்யா?” என்றாள் இன்பவல்லி.

“அப்போ உள்ள போய், என்னால முடியாதுன்னு சொல்லட்டுமா?” டாக்டரின் குரல் உயர்ந்துவிட்டது. கோபம் என்று தோன்றும். கோபம் இல்லை, அவமானம்.

இன்பவல்லி உள்ளே போனாள். துடிப்பின் வேகத்தை அளக்க, சத்தம் இல்லாமலேயே அதை ஒரு கோடாக வரைந்து தரும் வசதி அந்தக் கருவியில் உண்டு. இதயம் ஒவ்வொரு முறை அசையும்போதும் கோடு மேலே ஏறி இறங்கும். ஜமீலாவை அதை வரையச் சொல்லி, “ஒரு துடிப்புக்கு ஒரு ஏத்தம் சார்” என்று, தாள் வெளியே வரும்போதே அதன் நுனியைப் பூலோகராஜின் கையில் கொடுத்தாள்.

“பார்வை இல்லாதவன் கையில படத்தைக் கொடுக்குறீங்களே மேடம்” என்று அவர் கசப்பாகச் சிரித்தார்.

“சார், உங்க பையைக் கொஞ்சம் திறக்கலாமா?” என்று கேட்டாள் இன்பவல்லி.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சத்தம் எழுப்பக் கூடாது. படம் அவருக்குத் தெரியாது. பொய் ஆகாது, மற்றவர் சொல்லையும் அவர் நம்பமாட்டார். அந்தப் பையில் என்ன இருந்தது? அதை வைத்து டாக்டரின் வாக்கை இன்பவல்லி எப்படிக் காப்பாற்றினாள்?

விடை: பையில் இருந்தவை, பிரெயில் எழுதுகிற தடித்த தாளும் குத்தூசியும். ஸ்கேன் தாளின் நுனியை, வேறு தாள் மாறவில்லை என்று தெரிய, அவர் விடாமல் பிடித்திருக்க, அதன் அடியில் தடித்த தாளை வைத்து, கோட்டின் மேலேயே நெருக்கமாகக் குத்திக்கொண்டு போனாள். திருப்பினால் கோடு முழுவதும் மேடாக எழும்பி நின்றது. அதை அவர் விரலுக்கடியில் வைத்தாள். பூலோகராஜின் விரல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஒவ்வோர் ஏற்றத்துக்கும் இடக்கை மேசையில் ஒரு தட்டுத் தட்டியது. விரல் வேகம் பிடிக்கப் பிடிக்க, டொக் டொக் டொக் என்று, சத்தம் பூட்டிய அந்த அறையில் பிள்ளையின் துடிப்பு எல்லாருக்கும் கேட்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தமயந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பூலோகராஜ் கையை உயர்த்தித் தடுத்தார். “யாரும் எதுவும் சொல்லாதீங்க. துடிக்குது! இந்தத் தடவை நான் சொல்றேன்.” வீட்டுக்குப் போன் போட்டு முதல் செய்தி சொன்னவரும் அவர்தான்.