செண்பகவல்லி எங்கே இறங்குவாள்?

தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி செண்பகவல்லி, மகளின் தலைப்பிரசவத்துக்காக லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி ஐரோப்பிய நாட்டுக்கு விசா கேட்டுச் சென்னைக்கு வந்தாள். பக்கத்து நாட்டு நகரமான சூரிச்சுக்கு அவள் எடுத்து நீட்டிய விமான டிக்கெட்டை விசா அதிகாரி தள்ளிவிட்டார்.

"சூரிச் இருக்குறது வேற நாடும்மா. லீக்டன்ஸ்டைன்லயே இறங்குற டிக்கெட் கொண்டா. இல்லேன்னா விசா கிடையாது."

மூன்று நாள் விமானக் கம்பெனிகளை ஏறி இறங்கினாள். எல்லோரும் கையை விரித்தார்கள். அப்படியொரு நாடு இருக்கிறதா என்றே அவளுக்குக் குழம்பிவிட்டது.

நாலாம் நாள் பணிவாக ஒரு தாளை நீட்டினாள். "ஐயா, விமான நிலையத்தோட பேரை உங்க கையால எழுதிக் குடுங்க. உடனே டிக்கெட் எடுத்துடுறேன்."

அதிகாரி பெருமிதமாகப் பேனாவைத் திறந்தார். கம்ப்யூட்டரில் தேடினார். தேடத் தேட முகம் வெளிறியது.

"அந்த நாட்டுல விமான நிலையமே இல்லையே!"

"அப்ப நான் எங்கய்யா இறங்கணும்?"

வரிசையே சிரித்தது.

"சூரிச்லதான்" என்று முனகியபடி அவர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்.